முறம் மெழுகுதல்

மனையகத்துச் சிறு கைத்தொழில்களுள் முறம் மெழுகுதல் இனியதொன்று. (முறத்தைத் தென்பாண்டி நாட்டார் சுளகென்பர்.) மூங்கிலால் முடைந்த முறத்தின் இடுக்குகளில் நொய் ஒழுகும்; முடைவும் நாளடைவில் நெகிழும். பழங் காகிதத்தைக் கிழித்து 2 நாள் நீரில் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டுரலில் விழுதாக அரைத்துப் பூசுவதே இதற்குப் பரிகாரம். காகிதம் நாரைத் தரும். வெந்தயத்தின் வழுவழுப்பு பசையாகும். பழைய தேர்வுத் தாள்களுக்கு இதனினும் நற்கதி வேறில்லை! தடிப்பாய் அப்பினால் உலருங்கால் வெடிக்கும்; ஆதலின் மெல்லிதாய் இருமுறை பூசி, ஒவ்வொரு முறையும் வெயிலில் காயவிடுதல் வேண்டும். இடுக்குகள் விரலின்கீழ் ஒவ்வொன்றாய் அடைபட்டு மறைவதைக் காணுங்கால் உண்டாகும் உவகை, பிளாஸ்டிக் முறம் வாங்குவோர் அறியாதது. பூசியவர் விரற்றடமும் விழுதோடு உலர்ந்து நிற்கும். எம் இல்லத்து முறம் மீண்டும் பூசத்தக்க நிலையிலேயே உள்ளது. மறைந்த பாட்டியாரின் தடம் அதில் இருத்தலின், அன்னையார் இன்னும் இசைந்திலர்.