கறுப்பு ஒயினுக்கு வாத்துக்கறி துணை
பெயரை அர்ஜென்டினாவிடம் பறிகொடுத்த காவோர், சொந்த ஊர்ச் சாப்பாட்டுடன்தான் தன் முழு ருசியைக் காட்டுகிறது

நாவல்பழம் தின்ற நாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதே நிறம், அதே பிடிப்பு. தென்மேற்கு பிரான்சில், துலூஸ் நகருக்கு வடக்கே, லோட் நதி வளைந்து நெளிந்து ஓடும் பள்ளத்தாக்கில் தயாராகும் காவோர் ஒயினின் முதல் மடக்கு அப்படித்தான் இருக்கும். இங்கிலாந்துக்காரர்கள் ஒரு காலத்தில் இதைக் 'கறுப்பு ஒயின்' என்றே அழைத்தார்கள்.

காரணம் மால்பெக் என்ற திராட்சை. விதிப்படி காவோரில் குறைந்தது 70 சதவீதம் இது இருக்க வேண்டும். மீதிக்கு மெர்லோ, தன்னா. கரும் பிளம் வாசனை, கொஞ்சம் வயலட் பூ, வயதேறினால் புகையிலை, பதனிட்ட தோல் என்று விமர்சகர்கள் பட்டியல் போடுவார்கள். பட்டியலை ரொம்ப நம்ப வேண்டியதில்லை. அவர்களுக்கு மூக்கைவிடக் கற்பனை நீளம். அவர்கள் 'டானின்' என்று ரசாயனப் பெயர் சொல்லிச் சுற்றிவளைக்கும் சமாச்சாரத்துக்குத் தமிழில் அறுசுவையிலேயே இடம் உண்டு: துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின், எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. வழவழப்பு போய் வாய் வறள்கிறது. பாக்கு மென்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

வெறும் வயிற்றில் குடித்தால் இளம் காவோர் முரடுதான். அதை அடக்குவது அந்த ஊர்ச் சமையல். வாத்துக் காலை உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் மெல்ல வேகவைத்து, அதே கொழுப்பில் மூழ்கடித்து வைப்பார்கள். குளிர்பெட்டி இல்லாத காலத்து ஏற்பாடு; கான்ஃபி என்று பெயர். தோல் மொறுமொறுப்பாகும்வரை வாட்டி ஒரு வாய், பிறகு ஒரு மடக்கு. துவர்ப்பு கொழுப்பைத் துடைக்கிறது, கொழுப்பு துவர்ப்பின் முள்ளை மழுக்குகிறது. சுட்ட ஆட்டுக்கறியும், சற்றுத் தெற்கே வெள்ளை மொச்சையில் சமைக்கும் காசுலேயும் இதே கணக்கில் பொருந்தும். குளிர்காலத்தில் லால்பாங்க் கிராமத்துச் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு வரும் கறுப்பு ட்ரஃபிள் காளானுக்கு, துவர்ப்பு அடங்கிய பழைய பாட்டில்தான் சரி. கிராமத்துப் பெரியவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. சூப் அடியில் கொஞ்சம் மிஞ்சும்போது அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பது. ஷாப்ரோ என்பார்கள். நட்சத்திர ஓட்டலில் முயற்சி செய்ய வேண்டாம்.

மீன் வேண்டாம், வாயில் உலோக வாடை அடிக்கலாம். ஆந்திரக் காரமும் வேண்டாம்; ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். மிளகு மட்டும் தூவிச் சுட்ட ஆட்டுக்கறி என்றால் தாராளமாக. 16 முதல் 18 டிகிரி குளிர்ச்சி போதும். இளம் ஒயினை ஒரு மணி நேரம் முன்பே ஜாடியில் ஊற்றிவைப்பது நல்லது.

இவ்வளவு இருந்தும் காவோரின் கதை சோகமானது. கப்பலேற நதிவழியே போர்தோ துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கேயோ, உள்ளூர் ஒயின் விற்கும்வரை மேல்நதிப் பகுதிச் சரக்கைக் காத்துக்கிடக்க வைக்கும் சலுகை போர்தோக்காரர்களிடம் பல நூற்றாண்டு இருந்தது. 1776-ல் அமைச்சர் துர்கோ அதை ஒழித்தார். அடுத்த நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா பூச்சி கொடிகளை அழித்தது. 1956 பிப்ரவரி உறைபனி மிச்சத்தையும் முடித்தது. மறுபடி நட்டு, 1971-ல் அரசின் அங்கீகாரம் பெற்றார்கள்.

அதற்குள் மால்பெக் கடல் தாண்டிவிட்டது. 1853-ல் மிஷெல் பூஜே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் பொறுப்பில் மெண்டோசாவில் தொடங்கிய பண்ணைவழியே அர்ஜென்டினாவில் வேரூன்றியது. வெயிலில் பழுத்த, மென்மையான அந்த ஒயினில் திராட்சையின் பெயரையே கொட்டை எழுத்தில் போட்டு உலகம் முழுக்க விற்றார்கள். காவோர்க்காரர்களோ பிரெஞ்சு வழக்கப்படி ஊர்ப்பெயரை மட்டும் போட்டார்கள். இரண்டும் ஒரே திராட்சை என்பது வாங்குபவருக்குத் தெரியவில்லை. இந்த நூற்றாண்டில் காவோர் லேபிள்களிலும் 'மால்பெக்' ஏறத் தொடங்கியது.

கூடவே ஒயினையும் மென்மையாக்கும் ஆசை வந்திருக்கிறது. துவர்ப்பைச் சுரண்டிவிட்டால் வாத்துக் கொழுப்பை எது சமாளிக்கும்? நல்லவேளை, நிலமே இரண்டு வகை. நதியோரத் தாழ்நிலத் தோட்டங்களின் ஒயின் சீக்கிரம் இளகும். மேலே சுண்ணாம்புக்கல் மேட்டில் விளைவது பிடிவாதக்காரன். நல்ல ஆண்டென்றால் பத்து வருடமும் தாங்கும். கான்ஃபிக்கு வாங்குகிறவர்கள் மேட்டு நிலத்து ஒயினைக் கேட்டு வாங்கலாம்.