செனாய் வானில் இரண்டு நிமிடம்

செனாய் விமான நிலையத்தின் ஓடுபாதை 3,800 மீட்டர் நீளம். ஏறக்குறைய வடக்கு தெற்காக நீள்கிறது. மாலையில் அதன் கிழக்குப் பக்கம் நின்று பார்த்தால், இறங்கும் விமானத்துக்குப் பின்னே சூரியன் மறையும். படம் பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட மாணவர்களுக்கு நல்ல பயிற்சிக் களம்!

ஆனால் அவகாசம் குறைவு. பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் சரியாமல் ஏறக்குறைய நேராக இறங்குகிறது. தொடுவானைத் தொட்டபின் முழுதும் மறைய இரண்டு நிமிடம் போதும். லண்டன்வாசிகளுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் கிடைக்கும்.

பறக்கும் விமானம் கலங்காமல் பதிய ஷட்டர் வேகம் 1/1000 வினாடி இருக்கட்டும். ஒளியை வானத்தில் அளந்தால் நிறம் தங்கும், விமானம் கரிய நிழலுருவாகும். விமானத்தில் அளந்தால் வானம் வெளுத்துவிடும். என் ஓட்டு வானத்துக்கே. பெரும்பாலான கைப்பேசிகளில் திரையில் தெரியும் வானத்தை அழுத்திப் பிடித்தாலே ஒளி அளவு பூட்டிக்கொள்ளும்.

சூரியன் மறைந்ததும் புறப்பட்டுவிடாதீர்கள். மேகங்களின் அடிப்பக்கம் சிவப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.