படகில் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் குளிரவில்லையா? புதுசு வாங்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்க!

இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். 'நேரோபோட்' எனப்படும் இந்தப் படகுகளின் அகலம் சுமார் 7 அடிதான். அதற்குள்ளேயே கட்டில், சமையலறை, கழிப்பறை என எல்லாம் அடங்கிவிடும். சமையலறை மூலையில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜும் இருக்கும்.

அந்த ஃப்ரிட்ஜ் கோடைக்காலத்தில் மக்கர் பண்ணினால் என்ன ஆகும்? காலையில் பால் திரிந்திருக்கும். இறைச்சியைக் குப்பையில் போட வேண்டியிருக்கும். சர்க்கரை நோயாளி இருக்கும் படகு என்றால் கவலை இன்னும் பெரிது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டுமே!

உடனே பலரும் எடுக்கும் முடிவு, புது ஃப்ரிட்ஜ். 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்குப் பல நூறு பவுண்டுகள் கொடுக்க வேண்டும். ஆனால் புதுசை வாங்கி மாட்டிய பிறகும் அதே கோளாறு திரும்ப வந்தால்? அப்படி நடப்பதும் உண்டு. காரணம், கோளாறு ஃப்ரிட்ஜில் இல்லை. அதற்கு வரும் வயரில் இருக்கிறது.

வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் படகு ஃப்ரிட்ஜுக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டில் 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. 60 வாட் ஃப்ரிட்ஜ் ஓட கால் ஆம்பியர் சொச்சம் போதும். அதே 60 வாட்டை 12 வோல்ட் பேட்டரியில் இருந்து எடுக்க 5 ஆம்பியர் வேண்டும். அதாவது ஏறத்தாழ 20 மடங்கு கரண்ட்!

கரண்ட் கூடினால் வயரில் வீணாகும் வோல்டேஜும் கூடும். உதாரணமாக, பேட்டரியில் இருந்து 5 மீட்டர் தள்ளி ஃப்ரிட்ஜ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். போக 5, வர 5 என மொத்தம் 10 மீட்டர் வயர். அது 1.5 சதுர மி.மீ. தடிமன் கொண்ட ஒல்லியான வயர் என்றால், 5 ஆம்பியர் ஓடும்போது சுமார் 0.6 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும்.

230 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது பெரிய இழப்பு. இதோடு, படகின் ஈரத்தில் பச்சை பிடித்த ஒரு ஃப்யூஸ் ஹோல்டரோ, லூஸான ஒரு கனெக்ஷனோ சேர்ந்தால் இழப்பு இன்னும் அதிகமாகும்.

ராத்திரியில் மட்டும் நின்றுபோவது ஏன்?

படகு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது டான்ஃபாஸ் நிறுவனம் உருவாக்கிய பிடி35 வகை கம்ப்ரசர். 2010-ல் அந்தப் பிரிவு கைமாறி, செகோப் என்ற பெயரில் இயங்கத் தொடங்கியது. இந்தக் கம்ப்ரசரின் பக்கவாட்டில் ஒரு எலக்ட்ரானிக் பெட்டி இருக்கும். இதை 'கன்ட்ரோல் யூனிட்' என்கிறார்கள்.

பேட்டரியைக் காப்பாற்றுவதும் இதன் வேலை. வழக்கமான அமைப்பில், வோல்டேஜ் 10.4-க்குக் கீழே இறங்கினால் கம்ப்ரசரை நிறுத்திவிடும். மறுபடி 11.7-ஐத் தொட்டால்தான் ஓடவிடும்.

இங்கேதான் சிக்கல். கன்ட்ரோல் யூனிட் பார்ப்பது பேட்டரியில் உள்ள வோல்டேஜை அல்ல, தன்னிடம் வந்து சேரும் வோல்டேஜை. பகலில் சோலார் பேனல் கைகொடுக்கும். இரவில் விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் ஓட, பேட்டரி கொஞ்சம் இறங்கும். அந்த நேரம் கம்ப்ரசர் கிளம்ப முயன்றால், மோசமான வயரில் வோல்டேஜ் சட்டென்று சரியும். 'பேட்டரி காலி' என்று நினைத்து யூனிட் அணைத்துவிடும்.

அணைத்ததும் கரண்ட் ஓடாததால் வோல்டேஜ் மீண்டும் ஏறிவிடும். யூனிட் திரும்பவும் முயலும், திரும்பவும் நிற்கும். விடிய விடிய இதே கதைதான். ஃப்ரிட்ஜ் மட்டும் குளிராது.

அந்த ஒரு சோதனை என்ன?

தேவை ஒரு மல்டிமீட்டர். அவ்ளோதான். கரையில் இருந்து 230 வோல்ட் இணைப்பு வந்தால் முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும்.

* கம்ப்ரசர் ஓடும்போதும், கிளம்ப முயலும்போதும் பேட்டரி முனைகளில் வோல்டேஜை அளக்க வேண்டும்.
* அதே நிலையில், கன்ட்ரோல் யூனிட்டில் வயர் வந்து சேரும் முனைகளிலும் அளக்க வேண்டும்.
* இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால், சந்தேகம் வயர், ஃப்யூஸ், ஸ்விட்ச், இணைப்புகள் மீதுதான்.
* இரண்டு இடத்திலும் வோல்டேஜ் குறைவாகவே இருந்தால் பேட்டரியைக் கவனிக்க வேண்டும்.

உறுதி செய்ய இன்னொரு வழியும் உண்டு. 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட தடிமனான வயரை பேட்டரியில் இருந்து நேராக ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தற்காலிகமாகக் கொடுத்துப் பார்க்கலாம். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. இப்போது ஃப்ரிட்ஜ் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி பழைய வயர்தான்.

எவ்வளவு தடிமன் வேண்டும்?

12 வோல்ட்டுக்கு கம்ப்ரசர் தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு எளிது. பேட்டரிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இடையே 2.5 மீட்டர் வரை 2.5 சதுர மி.மீ. வயர். 4 மீட்டர் வரை 4 சதுர மி.மீ., 6 மீட்டர் வரை 6 சதுர மி.மீ., 10 மீட்டர் வரை 10 சதுர மி.மீ. மீட்டர் எவ்வளவோ, தடிமனும் அவ்வளவு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

வயர் சரியாக இருந்தால்?

அடுத்து கன்ட்ரோல் யூனிட் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பல மாடல்களில் ஒரு சின்ன எல்இடி விளக்கு இருக்கும், அல்லது இணைத்துக்கொள்ள இடம் இருக்கும். கோளாறு வந்தால் அது கண் சிமிட்டும். எத்தனை முறை என்பதில்தான் விஷயம்.

* 1 முறை: வோல்டேஜ் குறைவு
* 2 முறை: ஃபேன் அதிக கரண்ட் இழுக்கிறது
* 3 முறை: மோட்டார் கிளம்ப முடியவில்லை
* 4 முறை: மோட்டார் குறைந்தபட்ச வேகத்தைக்கூடத் தக்கவைக்க முடியவில்லை
* 5 முறை: கன்ட்ரோல் யூனிட் சூடாகிவிட்டது

ஃபேன் பழுது என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். சூடு என்றால், ஃப்ரிட்ஜின் பின்னால் காற்று போக வழி இருக்கிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறுகலான படகில் ஃப்ரிட்ஜை அலமாரிக்குள் அடைத்துவிடுவதால் வரும் வினை இது.

விளக்கும் எரியவில்லை, கம்ப்ரசரும் ஓடவில்லை என்றால் தெர்மோஸ்டாட் மீது சந்தேகப்படலாம். யூனிட்டில் தெர்மோஸ்டாட் வயர்கள் வரும் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பார்ப்பார்கள். கம்ப்ரசர் கிளம்பினால் தெர்மோஸ்டாட்தான் பழுது. நல்ல வோல்டேஜ் வந்தும் கிளம்பவில்லை என்றால், கன்ட்ரோல் யூனிட் போயிருக்கலாம். அதையும் தனியாக வாங்கி மாற்ற முடியும்.

ஒரு எச்சரிக்கை: யூனிட்டைக் கழற்றிவிட்டு கம்ப்ரசரை நேரடியாக பேட்டரியில் இணைக்கவே கூடாது. கம்ப்ரசர் பாழாகிவிடும்.

எப்போது புதுசு வாங்கலாம்?

கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடுகிறது, வோல்டேஜும் சரி, ஆனாலும் உள்ளே ஐஸ் பிடிக்கவில்லை அல்லது ஒரு மூலையில் மட்டும் பிடிக்கிறது என்றால், கேஸ் கசிந்திருக்கலாம். இதைச் சொந்தமாகச் செய்யக் கூடாது. ஆர்-134ஏ போன்ற கேஸைக் கையாள பிரிட்டனில் அதற்கான சான்றிதழ் பெற்றவருக்குத்தான் அனுமதி. புதிய ஃப்ரிட்ஜ்கள் சிலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ எளிதில் தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கினால் ஆபத்து.

கசிவைச் சரிசெய்யும் செலவு புதிய ஃப்ரிட்ஜின் விலையை நெருங்கினால், அல்லது கம்ப்ரசரே போய்விட்டால், மாற்றுவதுதான் லாபம். சிலர் மலிவான 230 வோல்ட் வீட்டு ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டரில் ஓட்டுகிறார்கள். ஆனால் ஃப்ரிட்ஜ் ஓடாத நேரத்திலும் இன்வெர்ட்டர் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

வாங்கும் முன் பேட்டரி கணக்கும் முக்கியம். 4.5 ஆம்பியர் இழுக்கும் ஃப்ரிட்ஜ் ஒரு நாளில் 40 சதவீத நேரம் ஓடினால் சுமார் 43 ஆம்பியர்-மணி செலவாகும். சாதாரண 110 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்துவது நல்லது, அதாவது 55. ஃப்ரிட்ஜுக்குப் போக மீதி இருப்பது வெறும் 12 மட்டுமே!

அதுவரை உணவை என்ன செய்வது?

ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டால் கதவை அடிக்கடி திறக்காமல் இருப்பதுதான் முதல் வேலை. திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும் என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். பிரிட்டனின் உணவுத் தர முகமை பரிந்துரைப்பது 5 டிகிரி அல்லது அதற்குக் கீழ். ஒரு சின்ன தெர்மாமீட்டரை உள்ளே வைத்தால் சந்தேகமே வேண்டாம்.

மொத்தத்தில், படகு ஃப்ரிட்ஜ் நின்றால் முதலில் எடுக்க வேண்டியது பர்ஸ் அல்ல, மல்டிமீட்டர். பழைய வயரை அப்படியே விட்டுவிட்டுப் புது ஃப்ரிட்ஜை மாட்டினால், அடுத்த வாரம் அதுவும் ராத்திரியில் நின்றுபோகும்.