மூன்று லட்சம் தடவை சொல்லப்பட்ட பெயர்

நமக்குப் பரீட்சையில் மார்க் போடுகிறார்கள். விஞ்ஞானிக்கு யார் மார்க் போடுவது? அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஒரு விஞ்ஞானி ஏதாவது கண்டுபிடித்தால் அதைக் கட்டுரையாக எழுதி ஆராய்ச்சி இதழுக்கு அனுப்புவார். அந்தப் பாடம் தெரிந்த வேறு சிலர் படித்துப் பார்த்து, சரி என்றால்தான் அச்சில் வரும். பிறகு இன்னொருவர் அதைத் தன் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினால், "இதை இன்னாரிடமிருந்து எடுத்தேன்" என்று தன் கட்டுரையில் எழுத வேண்டும். இதற்கு மேற்கோள் என்று பெயர். (பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதிட்டு நாம சொல்லாம இருக்கோமே, அங்கே அது பெரிய தப்பு!) 1964-ல் அமெரிக்காவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்டு என்பவர் இந்த மேற்கோள்களை எல்லாம் திரட்டிப் பெரிய அட்டவணையாக வெளியிட்டார். அதற்குப் பிறகு யார் கட்டுரையை எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணுவது சுலபமாகிவிட்டது.

சரி, முதல் இடம் யாருக்கு? டி.என்.ஏ.வின் முறுக்கு ஏணி வடிவத்தை 1953-ல் எழுதிய வாட்சன், கிரிக் இருவருக்கும்தான் என்று நான் நினைத்தேன். இல்லவே இல்லை! 2014-ல் 'நேச்சர்' இதழ் அதிக மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளின் பட்டியலைப் போட்டது. அந்த நூறில்கூட அவர்கள் கட்டுரை வரவில்லை.

முதலில் இருந்தது 1951-ல் ஆலிவர் லௌரி என்ற அமெரிக்கர் மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள்! அப்படி என்னதான் கண்டுபிடித்தார்? ஒரு திரவத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் வழி. அவ்வளவுதான். புரதத்தோடு முதலில் காரக் கரைசலில் செம்பு உப்பு சேர்க்க வேண்டும். பிறகு ஃபோலின் கரைசல் என்று ஒன்றை ஊற்றினால் நீல நிறம் வரும். புரதம் அதிகம் என்றால் நீலமும் அடர்த்தி. நிறத்தை ஒரு கருவியில் வைத்துப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். ஃபோலின் கரைசலால் புரதத்தை அளக்கும் யோசனை 1922-லேயே வூ என்பவர் சொன்னதுதான். லௌரி அதைச் செம்மைப்படுத்தினார்.

எங்க அப்பத்தா வீட்டில் ஒரு மரக்கால் இருக்கு. அறுப்பு நேரத்தில் தெருவே வந்து வாங்கிட்டுப் போகும். லௌரியின் முறையும் அப்படித்தான். புற்றுநோய் பற்றி ஆராய்ந்தாலும் சரி, பாக்டீரியா பற்றி ஆராய்ந்தாலும் சரி, புரதத்தை அளந்தே ஆகணும். அளந்தவர்கள் எல்லாம் லௌரி பெயரை எழுதினார்கள். வாட்சன், கிரிக் சொன்னதோ பாடப்புத்தகத்துக்கே வந்துவிட்டது. பூமி உருண்டை என்று எழுதும்போது, யார் சொன்னது என்று நாம் போடுகிறோமா?

வேடிக்கை என்னவென்றால் லௌரிக்கு அதை எழுதும் ஆசையே அவ்வளவாக இல்லை. சதர்லாந்து என்ற விஞ்ஞானி (இவருக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது) தான் அந்த முறையைப் பயன்படுத்துவதாகவும், மேற்கோள் காட்ட ஒரு கட்டுரை வேண்டும் என்றும் கேட்டதால்தான் எழுதினார். இது தன்னுடைய பெரிய படைப்பு இல்லை என்று லௌரியே ஒத்துக்கொண்டார். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான் என்றும் சொன்னார். இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1990-ல் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது, மேதையாக இல்லாமலே ஆராய்ச்சியில் வெற்றி பெறுவது எப்படி என்றுதான் அதற்குத் தலைப்பே வைத்தார்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். அந்தக் கட்டுரையை எழுதியது நாலு பேர். ஆனால் மற்ற விஞ்ஞானிகள் அதைக் குறிப்பிடும்போது பெரும்பாலும் "லௌரி மற்றும் பலர்" என்றே எழுதுகிறார்கள். அந்தப் "பலர்" மூன்றே பேர்தான். அதில் நீரா, ரோஸ் என்ற இரண்டும் பெண் பெயர்கள். அளவு பார்த்துக் கரைசல் கலந்து, நிறத்தைக் குறித்து வைத்த வேலையில் அவர்களுக்கும் பங்கு இல்லாமலா பெயர் போட்டிருப்பார்கள்? லட்சக்கணக்கான தடவை அவர்கள் பெயர் "மற்றும் பலர்" ஆகிப் போச்சு. அதனால் நம் சுவர் இதழிலாவது நாலு பேரையும் முழுசாக எழுதுகிறேன்: ஆலிவர் லௌரி, நீரா ரோஸ்ப்ரோ, லூயிஸ் ஃபார், ரோஸ் ராண்டல்.