மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்

மோட்டார் சத்தம் போட்டு ஓடுகிறது. மாடித் தொட்டியில் ஒரு சொட்டு விழவில்லை. வளவனூர் பக்கம் கிணறோ போரோ வைத்திருக்கும் வீடுகளுக்குப் பங்குனி, சித்திரையில் இது பழகிப்போன தொல்லை. "மோட்டார் போயிடுச்சு" என்று வீட்டில் யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். உடனே அதைக் கழற்றி விழுப்புரத்துக்கு எடுத்துப்போவதும், காயில் கட்டுவதும், இம்பெல்லர் மாற்றுவதும் நடக்கும். திரும்ப மாட்டினால் பழைய கதைதான். மோட்டார் ஒழுங்கான வேகத்தில் சுற்றுகிறது என்றால் காயில் உயிரோடுதான் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் தண்ணீர் பம்புக்கு வந்து சேரும் வழியில் இருக்கும். அந்த வழியைச் சோதித்துவிட்டுத்தான் பம்பின் மேல் ஸ்பானர் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது தனக்குள் அழுத்தத்தைக் குறைத்துக்கொடுப்பதோடு சரி. கிணற்று நீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றுதான் நீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது. காற்றின் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. 1638இல் வெளிவந்த கலிலியோவின் நூலில் ஒரு பாத்திரம் இதைப் பேசுகிறது. நீர்மட்டம் இறங்கியதும் ஒரு பம்பு வேலை செய்யவில்லை. பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டால், வந்த தொழிலாளி பம்பில் குறை இல்லை, தண்ணீர்தான் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன எல்லை ஏறக்குறைய 34 அடி. கலிலியோவுக்கே அதன் காரணம் சரியாகப் பிடிபடவில்லை. சில ஆண்டுகள் கழித்து டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துக் காற்றின் அழுத்தத்தைக் காட்டிய பிறகுதான் விளங்கியது. அறிஞருக்கு முன்பே மெக்கானிக்குக்குக் கணக்கு தெரிந்திருந்தது என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

34 அடி என்பது ஏட்டுக் கணக்கு. குழாயின் உராய்வு, வளைவுகள், வெயில் எல்லாம் சேர்ந்தால் நடைமுறையில் 20 முதல் 25 அடிதான் நம்பலாம். தரையில் வைத்த மோனோபிளாக் பம்புக்கு, தையில் 18 அடியில் இருந்த தண்ணீர் சித்திரையில் 28 அடிக்கு இறங்கினால் எந்தக் கம்பெனி பம்பும் கைவிரிக்கும். நம் விவசாயிகள் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைத்தது இதனால்தான். எனவே முதல் சோதனைக்கு ஒரு கயிறும் கல்லும் போதும்: பம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து பாருங்கள்.

அளவு சரியாக இருந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் அடுத்த சந்தேகம் காற்று. பம்புக்குத் தண்ணீர் வரும் சக்ஷன் பைப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் வெளியே ஒரு துளிகூடக் கசியாது. உள்ளே அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் வெளியேறுவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த குழலில் இளநீர் உறிஞ்சுவது போலத்தான். மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவினால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபட்டு மறையும். காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றிக் கிளப்ப வேண்டியிருக்கிறது, கிளம்பிவிட்டால் நன்றாக இறைக்கிறது என்றால் குற்றவாளி அடியில் இருக்கும் ஃபுட் வால்வு. அதன் வாஷர் தேய்ந்தோ, இடையில் ஒரு கல் சிக்கியோ, இரவெல்லாம் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் சாணியைக் கரைத்து ஊற்றி மோட்டார் போட்டார்களே, அது இந்தக் கசிவை அடைக்கும் வைத்தியம்தான். ஒழுகுவது வால்வு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தண்ணீருக்குள்ளேயே இருக்கும் சப்மெர்சிபிளுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் அங்கும் பம்புக்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. மோட்டார் ஓடும்போது போருக்குள் சலசலவென்று தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் மேலேற்றும் பைப்பில் ஓட்டை. செஞ்சி, திண்டிவனம் பக்கத்துப் பாறை நிலத்தில் இன்னொன்றும் நடக்கும். அரை மணி நேரம் நன்றாக இறைத்துவிட்டுக் காற்றாக வரும். ஒரு மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடி வரும். பாறை இடுக்கில் ஊறும் வேகத்தைவிட இறைக்கும் வேகம் அதிகம் என்பதுதான் அதன் பொருள். அங்கே பெரிய மோட்டார் மாட்டுவது நோயைக் கூட்டும்.

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லர்களிலும் இதே குழப்பம் உண்டு. வட அயர்லாந்தில் வீட்டுக்கு வெளியே எண்ணெய்த் தொட்டியும், பர்னரில் கைக்கு அடக்கமான ஒரு பம்பும் இருப்பது சகஜம். சுடர் அணைந்தால் பம்பைத்தான் திட்டுவார்கள். விவரம் தெரிந்த மெக்கானிக் பம்பின் உள்வழியில் ஒரு வெற்றிட மானியும் வெளிவழியில் ஓர் அழுத்த மானியும் பொருத்துவார். உள்வழியில் வெற்றிடம் அளவுக்கு மீறி ஏறினால் வடிகட்டி அடைத்திருக்கிறது அல்லது வால்வு மூடியிருக்கிறது. எண்ணெயில் குமிழி வந்தால் முதலில் காற்றுக் கசிவைத் தேடுவார். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் சிறு பிளாஸ்டிக் கப்ளிங் உடைந்து, மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருப்பதும் உண்டு. உள்வழி சுத்தமாக இருந்து வெளியே அழுத்தம் எழாதபோதுதான் பம்பின் மேல் பழி விழும்.

மின்சாரத்தையும் விட்டுவிடக் கூடாது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டாரின் முறுக்குவிசை ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும், ஏனென்றால் அது மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். உறுமிக்கொண்டு கிளம்பாமல் நிற்பது பல நேரம் கண்டன்சர் கோளாறு. அதைத் தொடுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும், அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு ஒயர் இடம் மாறினால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். அப்போதும் தண்ணீர் கொஞ்சம் வரும் என்பதுதான் ஏமாற்று வேலை. இம்பெல்லர் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஒரு பேஸ் போய் எரிந்த காயிலை, பேஸ் ஏன் போனது என்று பார்க்காமல் புதிதாகக் கட்டினால் அதுவும் எரியும்.

"பயிர் வாடும்போது சோதனை செய்துகொண்டிருக்க முடியுமா, புதிதாக மாட்டிவிட்டால் முடிந்தது" என்பார்கள். இந்தச் சோதனைகளுக்கு ஒரு காலைப்பொழுது போதும். புது பம்பும் அதே ஓட்டைப் பைப்பில்தான் மாட்டப்படும். பழைய பம்பு கரண்டைத் தின்னும், நட்சத்திரக் குறியிட்ட புதியது மிச்சம் பிடிக்கும் என்பது வலுவான வாதம். வீட்டு இணைப்புக்கு அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்று வாங்கும் பைப்பில் ஐந்து நட்சத்திரமும் வீண். விவசாயத்துக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம், கொஞ்சம் குறைவாக வந்தால் என்ன என்று கேட்பவர்கள், மும்முனை மின்சாரம் வரும் மணிநேரத்தை எண்ணிப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் இறைக்காத தண்ணீர் வயலுக்கு நட்டம்தான்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரைத் தாண்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரைக்கூட உடனே செத்ததாகக் கருத வேண்டியதில்லை. ஈரத்தோடு சுவிட்சைப் போட்டால்தான் காயில் எரியும். திறந்து, கழுவி, உலர்த்தி, மெக்கர் கருவியால் இன்சுலேஷனை அளந்த பிறகு முடிவு செய்யலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்தால் அப்போது பம்பைக் குற்றம் சொல்லலாம். டெலிவரி வால்வைச் சில நொடி மூடி, அழுத்த மானியைப் பாருங்கள். ஒவ்வொரு 10 மீட்டர் ஹெட்டுக்கும், அதாவது தண்ணீரை ஏற்றும் உயரத்துக்கும், ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் காட்ட வேண்டும். பம்பின் தகட்டில் உள்ள அதிகபட்ச ஹெட்டைவிட அது மிகவும் குறைந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். புதியது வாங்கக் கடைக்குப் போகும்போது கோடையின் நீர்மட்டத்தை எழுதி எடுத்துப் போங்கள். ஹெட் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று 20 அடிக் கிணற்றுக்கு 150 அடி ஹெட் பம்பு வாங்குவதும் வினைதான். அது அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளும், அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், காயில் சூடேறும்.