வூகான் போர்முனையில் பரேல் கல்லூரி டாக்டர்

பாண்டுப்பில் ஸ்லோ வண்டி ஏறிப் பரேலில் இறங்கினால் கே.இ.எம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அந்த ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்தவர், சோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ். 1938-ல் ஜப்பானியப் படை சீனாவின் வூகான் நகரை நெருங்கிக் கொண்டிருந்தபோது, காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க அங்கே போனவர் இவர்.

மூன்று ஊர், நான்கு மாதம்

1937 டிசம்பரில் சீனத் தலைநகர் நான்கிங் விழுந்தது. அரசு அலுவலகங்கள் பலவும் யாங்சி ஆற்றங்கரையில் உள்ள வூகானுக்கு வந்தன. ஹாங்கோ, ஊச்சாங், ஹான்யாங் ஆகிய மூன்று ஊர்கள் சேர்ந்ததே வூகான். அதைப் பிடித்தால் போர் முடிந்துவிடும் என்று ஜப்பான் கணக்குப் போட்டது.

1938 ஜூனில் தாக்குதல் தொடங்கியது. சீனரிடம் விமானமும் பீரங்கியும் குறைவு. ஆகவே, நகரத்துக்கு வெளியே, மலைகளிலும் ஏரிக்கரைகளிலும் எதிரியை மறித்தார்கள். அக்டோபரில் வான்ச்சியாலிங் என்ற இடத்தில் ஜெனரல் ஷுவே யூவின் படை, ஜப்பானின் 106-வது டிவிஷனைச் சுற்றி வளைத்து நொறுக்கியது.

கொடுத்த விலையோ கொடியது! எதிரியைத் தடுக்க, மஞ்சள் ஆற்றின் கரையைச் சீன ராணுவமே உடைத்தது. வெள்ளத்திலும், பின்னர் வந்த பசியிலும் நோயிலும் லட்சக்கணக்கான சீன மக்களே மாண்டார்கள்.

பம்பாயில் கப்பல் ஏறினார்கள்

அப்போது காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். சீனாவின் வேண்டுகோளை ஏற்றுக் காங்கிரஸ் 5 டாக்டர்களை அனுப்பியது. அடல், சோல்கர், பாசு, முகர்ஜி ஆகியோருடன் கோட்னிசும் செப்டம்பர் 1-ந் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். மாதக் கடைசியில் ஹாங்கோ போய்ச் சேர்ந்தார்கள்.

அக்டோபர் 25-ல் சீனப்படை வூகானைக் கைவிட்டது. ஆனால் ஜப்பானின் கணக்கு பலிக்கவில்லை. நகரம் தாக்குப்பிடித்த நான்கு மாதத்தில், தொழிற்சாலை இயந்திரங்களைக் கழற்றி, படகுகளில் ஏற்றி, மேற்கே கொண்டுபோய் விட்டார்கள். சரணடையாமல் 1945 வரை சீனா போரிட்டது.

கோட்னிசும் ஊர் திரும்பவில்லை. வடசீனப் போர்முனையில் ஆபரேஷன் செய்தபடியே இருந்தார். அங்கே நர்சாக இருந்த குவோ சிங்லானை 1941-ல் மணந்தார். மகனுக்கு 'இன்ஹுவா' என்று பெயர். 'இன்' என்றால் இந்தியா. 'ஹுவா' என்றால் சீனா. குழந்தை பிறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1942 டிசம்பர் 9-ல் கோட்னிஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.