படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று... அமெரிக்க வீடுகளில் ராத்திரியெல்லாம் காவல் இருக்கும் ஸ்கேனர்!

ராத்திரி இரண்டு மணி. கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கையகலப் பெட்டியிலிருந்து ஒரு நொடி விசில் போல ஒரு சத்தம். உடனே மூன்று நொடிக்கு வேறு சுருதியில் இன்னொரு சத்தம். அடுத்து ஒரு பெண் குரல் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் நிதானமாகச் சொல்கிறது. அது சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் பேன்ட்டை மாட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்துவிட்டார். மனைவிக்கு இனி தூக்கம் வராது. எழுந்து சமையலறைக்குப் போய் காபி போடுகிறார். அங்கே ஷெல்ஃபில் இருக்கும் ஸ்பீக்கரிலும் அதே குரல் பேசிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவின் சிற்றூர்களில், தீயணைப்பு வீரர்களின் வீடுகளில் இப்படித்தான் ராத்திரிகள் கலையும். அந்த நாட்டில் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள். பகலில் மெக்கானிக், விவசாயி, பள்ளி ஆசிரியர். அழைப்பு வந்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். அவர் ஓடிவிடுவார். வீட்டில் இருப்பவர்களுக்குத் துணை, அந்தச் சின்னப் பெட்டிதான். அதன் பெயர் ரேடியோ ஸ்கேனர்.

நம் வீட்டு எஃப்.எம் ரேடியோ ஒரு ஸ்டேஷனில் வைத்தால் அங்கேயே நிற்கும். ஸ்கேனர் அப்படியில்லை. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று நாம் பதிந்துவைத்த அலைவரிசைகளை நொடிக்குப் பல என்ற வேகத்தில் தாவித் தாவிப் பார்க்கும். எங்கே பேச்சுச் சத்தம் கேட்கிறதோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓட்டம். யாரும் பேசாத நேரத்தில் இரைச்சலை அடக்கி ஊமையாக இருக்க 'ஸ்குவெல்ச்' என்று ஒரு வசதியும் உண்டு. அதனால் நாள் முழுக்க ஆன் செய்து வைத்தாலும் தொந்தரவு இல்லை.

சிக்கலும் அங்கேதான். ஒரு மணி நேரம் மௌனமாக இருந்துவிட்டு, திடீரென்று பத்து நொடி பேசும். அந்தப் பத்து நொடியில் நீங்கள் கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால்? போச்சு! ரேடியோவில் திரும்பச் சொல்ல மாட்டார்கள். சத்தத்தைக் கூட்டி வைக்கலாம் என்றால், தூங்கும் குழந்தை எழுந்துவிடும். இதனால்தான் 'ஒரே ஸ்கேனரை எல்லா அறையிலும் கேட்பது எப்படி?' என்பது அங்கே வீட்டுக்கு வீடு மண்டையைக் குடையும் கேள்வி.

குழந்தை அழுகை மாதிரி...

முதலில் கேட்ட அந்த இரட்டை விசில் இருக்கிறதே, அது ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்துக்கும் வேறு வேறு. இரண்டு சுருதிகளின் சேர்க்கையை வைத்துத்தான், 'இது நமக்கான அழைப்பு' என்று வீரர் இடுப்பில் இருக்கும் பேஜர் கண்டுகொள்கிறது. பேஜர் மட்டுமா? வீட்டில் உள்ளவர்களின் காதும் கண்டுகொள்கிறது. பக்கத்து ஊர் விசிலுக்குப் புரண்டுகூடப் படுக்காதவர்கள், தங்கள் நிலையத்தின் விசிலுக்குச் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். தன் குழந்தையின் அழுகைக்கு மட்டும் விழிக்கிற தாயைப் போலத்தான்.

ஊர்க்காவல் ரேடியோவை வீட்டில் கேட்பது புதுப் பழக்கமும் இல்லை. 1928-ல் டெட்ராய்ட் போலீஸ் தன் கார்களுக்கு ரேடியோவில் தகவல் அனுப்பத் தொடங்கியது. அந்தக் காலத்துப் போலீஸ் ஒலிபரப்புகள், வழக்கமான ரேடியோ நிலையங்களுக்குச் சற்று மேலேயே இருந்தன. முள்ளைக் கொஞ்சம் தள்ளினால் போதும், கேட்டுவிடும். 1930-களில் வந்த வீட்டு ரேடியோக்கள் பலவற்றில் 'போலீஸ்' என்றே அச்சிட்டிருந்தார்கள்! 'வீஜீ' என்று பெயரெடுத்த நியூயார்க் புகைப்படக்காரர் ஆர்தர் ஃபெலிக், 1938-ல் தன் காரில் போலீஸ் ரேடியோ வைக்க அனுமதியே வாங்கிவிட்டார். கொலையோ தீயோ, மற்ற பத்திரிகைக்காரர்கள் வருவதற்கு முன் இவர் கேமரா அங்கே நிற்கும்.

வயரா, வைஃபையா?

சரி, ஒரு ஸ்கேனரை நான்கு அறைக்கு எப்படிக் கொண்டுபோவது? பழைய வழி, வயர். ஸ்கேனரின் பின்னால் ஸ்பீக்கர் செருக ஒரு துளை இருக்கும். அதிலிருந்து வயரை இழுத்து அறைக்கு ஒரு ஸ்பீக்கர் மாட்டலாம். ஆனால், ஆசைப்பட்டு நாலைந்து ஸ்பீக்கரை அப்படியே இணையாகக் கோத்துவிடக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாக இணைத்தால் சுமை 4 ஓம் ஆகிவிடும். இன்னும் சேர்க்கச் சேர்க்க ஸ்கேனருக்குள் இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயர் திணறும். நடுவில் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வைப்பதுதான் முறை.

அடுத்தது, குட்டி எஃப்.எம் டிரான்ஸ்மிட்டர். காரில் பென் டிரைவ் செருகிப் பாட்டுக் கேட்க நாம் வாங்குவோமே, கிட்டத்தட்ட அதேதான். அதை ஸ்கேனரோடு இணைத்துவிட்டால், எந்த அறையில் சாதாரண எஃப்.எம் ரேடியோ வைத்தாலும் கேட்கும். அமெரிக்க விதிப்படி லைசென்ஸ் இல்லாத இந்தக் கருவிகள் சுமார் 200 அடி வரைதான் எட்டலாம். வீட்டுக்கு அது தாராளம். பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார் என்பது இலவச இணைப்பு!

இப்போது இளைஞர்கள் வைஃபைக்கு மாறிவிட்டார்கள். ஸ்கேனரின் ஒலியை ராஸ்பெரி பை போன்ற குட்டிக் கணினிக்குக் கொடுத்தால், அது வீட்டு இணையத்தில் ஒலிபரப்பும். எல்லா போனிலும் கேட்கலாம். சில ஸ்கேனர்களிலேயே வைஃபை வசதி வந்துவிட்டது. ஒரே தலைவலி, தாமதம். ஹாலில் வயர் வழியாகவும் படுக்கையறையில் வைஃபை வழியாகவும் ஒரே குரல் வந்தால், இரண்டாவது சில நொடிகள் பின்தங்கும். நடுவில் நிற்பவருக்கு ஒரே ஆள் இரண்டு தடவை பேசுவதுபோல இருக்கும். வீட்டுக்கு ஒரே முறையில் கேட்பதே நிம்மதி. அவசர விஷயம் என்பதால் வயருக்கே ஓட்டுப் போடலாம்.

அந்த ஒரு சொல்

தீ பெரிதாக இருந்தால், களத்தில் இருக்கும் அதிகாரி நடுநடுவே தலை எண்ணுவார். அதற்குப் 'பார்' என்று பெயர். ஒவ்வொரு குழுவும் தங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பத்திரம் என்று ரேடியோவிலேயே பதில் சொல்ல வேண்டும். கட்டடத்துக்குள் யாராவது சிக்கிக்கொண்டால் வரும் சொல், 'மேடே'. சமையலறையில் காபி கோப்பையோடு நிற்பவருக்கு இரண்டுமே கேட்கும். கேட்பது ஆறுதலா, சித்ரவதையா? தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்துகொள்வதே மேல் என்று நினைக்கும் குடும்பங்கள் வீடு முழுக்க ஸ்பீக்கர் மாட்டுகின்றன. தாங்க முடியாத குடும்பங்கள் சுவிட்சை அணைத்துவிட்டு, கார் சத்தத்துக்குக் காத்திருக்கின்றன. இரண்டிலும் தப்பில்லை. ஆனால் குழந்தைகள் அறையில் மட்டும் ஸ்பீக்கர் வேண்டாம். விபத்தும் தற்கொலையும் எந்தப் பூச்சும் இல்லாமல் அதில் வந்து விழும்.

கேட்பதோடு நிற்காதவர்களால் ஆபத்தும் உண்டு. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக் குற்றவாளிகளைப் போலீஸ் துரத்தியபோது, ஸ்கேனரில் கேட்டதை ஆயிரக்கணக்கானோர் ட்விட்டரில் போட்டுத் தள்ளினார்கள். சம்பந்தமே இல்லாதவர்களின் பெயர்கள் குற்றவாளிகளாகச் சுற்றின. 'எங்கள் நடமாட்டத்தை வெளியே சொல்லாதீர்கள்' என்று போலீஸ் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆன்லைனில் ஸ்கேனர் தேடக் கிளம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் போலீஸ் ரேடியோவை வீட்டில் கேட்பது பொதுவாகக் குற்றமில்லை. சில மாநிலங்களில் காரில் வைத்துக் கேட்கத்தான் கட்டுப்பாடு. நம் நாட்டில் கதை வேறு. போலீஸ் வயர்லெஸ்ஸை அனுமதியின்றி ஒட்டுக் கேட்டால் சிறை வரை போகலாம். ரேடியோ ஆர்வம் அடங்கவில்லை என்றால் தேர்வு எழுதி, மத்திய அரசிடம் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்குங்கள். 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து செய்தி கொண்டுவர உதவியவர்கள் ஹாம்கள்தான்.

அமெரிக்காவிலும் கதவுகள் மெல்ல மூடுகின்றன. போலீஸ் உரையாடலை ரகசியக் குறியீடாக மாற்றிவிட்டால், எந்த ஸ்கேனரிலும் அது கேட்காது. டென்வர் 2019-ல் அப்படிச் செய்தது. நியூயார்க் போலீஸ் 2023-ல் தொடங்கியது. குற்றவாளிகளும் கேட்கிறார்கள், பொதுமக்களின் அந்தரங்கம் காற்றில் போகிறது என்பது போலீஸ் தரப்பு. போலீஸ் என்ன செய்கிறது என்று பத்திரிகைகளுக்கும் மக்களுக்கும் தெரியாமல் போகும் என்பது எதிர்த்தரப்பு. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரம் 2021-ல் மூடிப் பார்த்து, எதிர்ப்பு வலுத்ததால் அடுத்த ஆண்டே மறுபடி திறந்துவிட்டது.

தீயணைப்பு அலைவரிசைகள் பல ஊர்களில் இன்னும் திறந்தே இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 'வாட்ச் டியூட்டி' என்ற செயலிக்காகத் தன்னார்வலர்கள் ஸ்கேனர் கேட்டு, காட்டுத்தீ எந்தப் பக்கம் நகர்கிறது என்று மக்களை எச்சரிக்கிறார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது ஊரே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

சிற்றூர்ச் சமையலறையில் மணி நான்கரை. காபி ஆறிப்போய்விட்டது. வண்டி நிலையத்துக்குத் திரும்பிவிட்டது என்று ஸ்பீக்கரில் ஒரு களைத்த குரல். மனைவி சமையலறை ஸ்பீக்கரை மட்டும் அணைக்கிறார். படுக்கையறை ஸ்கேனர் ஓடிக்கொண்டே இருக்கிறது.